ஐந்தாவது தட்டு

"இந்தத் தடவையும் ஒண்ணுதான் கிடைச்சுது, தம்பி" என்று துணி முடிச்சை அவிழ்த்தாள் இசோபே அம்மா.

உள்ளே ஒரே ஒரு பீங்கான் தட்டு. நாலாவது மாதம், நாலாவது தட்டு.

பழம்பொருள் கடைக்காரர் நகாயாவுக்கு உள்ளுக்குள் குஷி. முகத்தில் காட்டிக்கொள்ளாமல் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"அச்சடிச்சதா, கையால வரைஞ்சதா?" என்றாள். போன மூன்று தடவையும் இதையேதான் கேட்டாள்.

"கை வேலைதாம்மா. அச்சுன்னா புள்ளி புள்ளியாத் தெரியும். இது தூரிகை இழுத்த கோடு. தடவிப் பாருங்க, பச்சை வர்ணம் மேடா நிக்குது."

அவள் நிதானமாகத் தடவிப் பார்த்தாள். "என்ன கொடுப்பீங்க?"

"ஒத்தைத் தட்டாச்சே. எட்டாயிரம் யென்."

ஜப்பானில் தட்டு செட் என்றால் ஐந்து. ஐந்தும் சேர்ந்திருந்தால் விலையே வேறு. அவை வந்த பெட்டியும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அதே மூங்கில், அதே குருவிகள், பின்னால் அதே முத்திரை. இரண்டாவது தட்டிலேயே நகாயாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாங்கியதில் ஒன்றைக்கூட அவர் விற்கவில்லை. பொய்யும் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"டீ சாப்பிடுங்கம்மா. வீட்ல வேற ஏதாவது இருக்கா? மரப்பெட்டி மாதிரி?"

"தேடிப் பாக்கணும். அவர் போனப்புறம் அலமாரியைத் திறக்கவே மனசு வரல."

டீ குடித்தாள், இனிப்பு சாப்பிட்டாள், முழங்கால் வலி, பக்கத்து வீட்டுப் பூனை, புருஷனின் குறட்டை என்று ஒரு மணி நேரம் பேசினாள். நகாயா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அவள் போனதும் மனைவி சதோமி உள்ளிருந்து வந்தாள். "எங்கம்மா வந்தா வெந்நீர்கூடக் கிடைக்காது. அந்தம்மாவுக்கு மட்டும் என்ன இவ்வளவு உபசாரம்?"

"சும்மா இரு. எதிர்க்கடைக்குப் போயிட்டா என்ன பண்றது? பாவம், விவரம் தெரியாத மனுஷி."

அடுத்த மாதம் நல்ல மழை. குடையை மடக்கிக்கொண்டு வந்த இசோபே அம்மாவின் கையில் முடிச்சு பெரிதாக இருந்தது.

அவிழ்த்தாள். மரப்பெட்டி. உள்ளே ஐந்தாவது தட்டு. மற்ற நாலு தட்டும் இருந்த இடம் காலியாக இருந்தது.

நகாயா தட்டைத் தூக்கினார். தட்டுக்கு அடியில் மடித்து வைத்திருந்த பழுப்புக் காகிதத்தைப் பிரித்தார்.

பழைய ரசீது. மேலே கடையின் முத்திரை. அவருடைய கடையேதான். கீழே அவர் அப்பாவின் கையெழுத்து.

'ஐந்து தட்டு, பெட்டியுடன். கை வேலை. விலை: ஒன்றரை லட்சம் யென். தனித்தனியாகப் பிரித்தால் மதிப்பு போய்விடும், பத்திரம்.'

நாற்பது வருஷத்துக்கு முந்தைய தேதி.

"எங்க கல்யாணத்துக்கு அவர் இங்கதான் வாங்கினார்" என்றாள்.

நகாயாவுக்குக் காது சுட்டது. "அப்போ... விலை தெரிஞ்சேவா கொடுத்தீங்கம்மா?"

"தெரியாம என்ன?"

"பின்னே ஏன் ஒவ்வொண்ணா..."

"அஞ்சையும் ஒண்ணா எடுத்துட்டு வந்திருந்தா, ஒரே நாள்ல பேச்சு முடிஞ்சிருக்கும், தம்பி. வீட்டுக்குப் போனா பேச ஆளில்ல. இங்க வந்தா வாங்கன்னு சொல்லி உட்கார வைக்கிறீங்க. அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் மாசம் பூரா காத்துக்கிட்டிருப்பேன்."

அவள் காலித் துணியை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"இனிமே விக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. அடுத்த மாசம் வெறுங்கையோட வந்தாலும் டீ கொடுப்பீங்களா?"