சிவப்பு எண்

வீட்டுத் திட்டத்துக்குக் கணக்கெடுக்க வருகிறார்கள் என்று ஊரப்பாக்கத்து ஏரிக்கரைத் தெருவே பேசிக்கொண்டது. சொந்த மண் இருந்தால் இலவச வீடு கிடைக்காதென்று, ரேணுகா பட்டாவை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தாள்.

“பட்டா இருக்காம்மா?” என்றார் வந்த அதிகாரி.

“எங்களுக்கு ஏது சார்? சும்மா குந்திகினு கீறோம்.”

“யோசிச்சு சொல்லு.”

“சத்தியமா இல்ல சார்.”

கையெழுத்து வாங்கிக்கொண்டு, கதவில் சிவப்பு எண் எழுதினார். பட்டாவைக் காட்டிய அடுத்த வீட்டுத் தமிழ்ச்செல்விக்கு எண் இல்லை. பிழைக்கத் தெரியாதவள் என்று ரேணுகாவுக்குப் பாவமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜேசிபி வந்தது. தமிழ்ச்செல்வி வீட்டைத் தாண்டி, இவள் வாசலில் நின்றது.

“சாமானெல்லாம் எடுத்துக்கோம்மா,” என்றார் அதே அதிகாரி. “பட்டா இல்லாத வீடெல்லாம் ஏரி ஆக்கிரமிப்பு. நீயே கையெழுத்துப் போட்டிருக்க.”