கொழுக்கட்டைப் புல்

புகார் வந்திருக்கிறது என்று நகராட்சி ஆட்கள் இரண்டு பேர் புல்வெட்டும் மிஷினோடு வாசலில் வந்து நின்றபோது, மங்கையர்க்கரசி ஒன்றைத்தான் கேட்டாள்.

"அந்தப் புகாரை நான் ஒரு தடவ பார்க்கலாமா, தம்பி?"

ரோஜாத் தொட்டிகள் இருந்த இடத்தில் மூன்று வருஷமாக அவள் மேய்ச்சல் காட்டுப் புல் வளர்க்கிறாள். விதை பொறுக்க அவளை ஸ்கூட்டரில் கூட்டிப்போனது கணவர் சிற்றம்பலம்தான். இந்த மழைக்குத்தான் புல் இடுப்புயரம் வளர்ந்து கதிர் விட்டிருந்தது. தெருவுக்கு அது வெறும் கோரை. "கோரைக்குத் தண்ணி ஊத்தற ஒரே வீடு இதுதான்" என்று எதிர்வீட்டு லூர்துமேரி கேலி செய்வாள்.

அவர்கள் கொடுத்த புகார் நகலில் கையெழுத்து இல்லை. டைப் அடித்திருந்தது. 'பாம்பு அடையும்படி கொழுக்கட்டைப் புல்லும் ஊசிப்புல்லும் வளர்க்கப்படுகின்றன.' அவள் இரண்டு தடவை படித்தாள். அந்தப் பெயர்களைக் காலைக் காப்பி நேரத்தில் ஒரே ஒருவருக்குத்தான் அவள் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

மிஷின் உறுமத் தொடங்கியதும் சிற்றம்பலம் துணிப்பையோடு ஓடி வந்தார்.

"எந்தப் பாவி எழுதிப் போட்டானோ. வா, விதையாவது உருவி வைப்போம். அடுத்த மழைக்குப் போட்டுக்கலாம்."

பையை விரித்துப் பிடித்தார். அவள் ஒரு கதிரை ஒடித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதுக்குப் பேர் என்னங்க?"

"எனக்கெங்க அதெல்லாம் ஞாபகம் இருக்கு" என்றார், சாய்ந்து கிடந்த புல்லைப் பார்த்தபடி.

அவள் கதிரைப் பைக்குள் போட்டாள். புகார்த் தாளையும் நாலாக மடித்து அதன்மேல் போட்டாள்.