பெட்டி நிறைய வாழைமரம்

பெட்டியில் இருப்பது எஸ்டேட் கணக்குப் புத்தகங்கள்தான் என்று வழியில் கேட்டவர்களிடமெல்லாம் எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி திருநாவுக்கரசு சொல்லிக்கொண்டே போனார். கேட்காதவர்களையும் நிறுத்தி வைத்துச் சொன்னார். சைக்கிள் கேரியரில் பெட்டி ஆடியதைவிட அவர் மனசு ஆடிய ஆட்டம்தான் பெரிது.

உள்ளே இருந்தது அத்தனையும் பணம். ஜப்பான்காரன் இங்கே வந்து அச்சடித்து விட்ட, வாழைமரப் படம் போட்ட நோட்டு, கட்டுக் கட்டாக. சண்டை வந்ததிலிருந்து கடல் தாண்டிச் சொந்த ஊருக்கு மணியார்டர் போகவில்லை, கப்பலும் ஓடவில்லை. என்றைக்காவது ஊரில் கொஞ்சம் வயல் வாங்கிப் போடலாம் என்று சம்பளம், மரவள்ளி விற்ற காசு எல்லாவற்றையும் மனுஷன் ஆபீஸ் அலமாரிக்குள் இந்தப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது.

நேற்று தம்பின் டவுன் சந்தையில், ரயில்வேயில் வேலை செய்யும் சன்னாசி ஓடிவந்து காதைக் கடித்தான்.

"கிராணி, ஒளிச்சு வச்ச ரேடியோவுல கேட்டேன். ஜப்பான்காரன் கையத் தூக்கிட்டான்! வெள்ளக்காரன் திரும்பி வரான் லா. ரெண்டொரு நாள்ல ஊருக்கே தெரிஞ்சிடும்."

திருநாவுக்கரசு வாங்க வந்ததை விட்டுவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். வெள்ளைக்காரன் வந்தால் இந்த நோட்டை எவன் தொடுவான்? அடுப்புப் பற்றவைக்கத்தான் ஆகும். ஊருக்குத் தெரிவதற்குள் தள்ளிவிட்டுத் தங்கமாக மாற்றிவிட வேண்டும். எவன் ஆண்டாலும் தங்கம் தங்கம்தான், மடியில் கட்டிக்கொண்டு கப்பல் ஏறிவிடலாம்.

வீட்டுக்கு வந்தவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "செல்லம்மா, கப்பல் ஓடப் போவுது! ஊருக்குப் போவப் போறோம்!" என்று மனைவியின் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

"நெசமாவா! யாரு சொன்னா? எப்படிங்க?"

அதை மட்டும் அவர் சொல்லவில்லை. செல்லம்மா காதில் விழுந்தது அடுத்த நிமிஷம் லயத்து வீடுகள் முழுக்கப் பரவிவிடும். அப்புறம் நோட்டை யார் தலையில் கட்டுவது?

இதோ, விடிந்ததும் ஆபீஸுக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாயிற்று. எஸ்டேட் முச்சந்தியில் கனி பாய் கடை. கொடுக்கல் வாங்கல் எதுவானாலும் எஸ்டேட் ஜனங்களுக்கு அவர்தான் தரகர்.

"பாய், தங்கம் வேணும். இப்பவே வேணும்."

கனி ஒரு மாதிரி பார்த்தார். "காலையிலதான் ஒரு சரக்கு வந்திருக்கு ஐயா. யாருதுன்னு மட்டும் கேக்காதீங்க. சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"எவளுதா இருந்தா எனக்கென்ன? காட்டுங்க!"

துணி முடிச்சை அவிழ்த்தார் கனி. ஒரு அட்டிகை, ஒரு ஜோடிக் காப்பு, ஒரு ஜோடித் தோடு. ஜப்பான்காரன் வந்த நாளிலிருந்து எஸ்டேட்டில் எந்தப் பெண் நகை போட்டாள்? எல்லாவற்றையும் மண்ணுக்குள் புதைத்துவிட்டார்கள். பொன்னைக் கண்டே வருஷக்கணக்கான கிராணிக்குக் கண் கூசியது.

இருந்தாலும் பேரம் பேசாமல் வாங்கினால் அவர் கிராணியா?

"என்ன பாய், எந்தக் காலத்து மோஸ்தர் இது? இதப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சவ சரியான பட்டிக்காடா இருப்பா போலிருக்கே!"

கனிக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு மெல்லச் சொன்னார். "ஐயா, எதுக்கும் வூட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"வூட்லயா? பொம்பளைங்களுக்கு என்னா தெரியும்? இங்க பாருங்க பாய், அவ காதுக்கு இது போவவே கூடாது. மூச்சு விடக் கூடாது!"

கனி தராசை எடுத்து முன்னால் வைத்தார்.

பேரம் படிந்தது. பெட்டிப் பணம் முழுசும் அந்த முடிச்சுக்கு. தரகாக இரண்டு கட்டு நோட்டை எடுத்துக்கொண்ட கனி, "மிச்சத்தச் சாயங்காலம் வித்தவங்ககிட்ட சேத்துடறேன்" என்றார்.

"சாயங்காலமா? அதெல்லாம் கெடையாது!" கிராணி துள்ளிவிட்டார். அதற்குள் சேதி பரவி, விற்றவள் நகையைத் திருப்பிக் கேட்டால்? "இப்பவே, பெட்டியோட கொண்டு போய்க் குடுத்துடுங்க. எண்ணி வாங்கிக்கிட்டா, அப்புறம் பேச்சு மாறக் கூடாதுன்னு சொல்லிடுங்க!"

"உங்க இஷ்டம் ஐயா" என்று பெட்டியைத் தூக்கிச் சைக்கிளில் வைத்தார் கனி.

திருநாவுக்கரசு நேராக வீட்டுக்குப் போகவில்லை. எங்கே போக? கால் தரையில் பாவினால்தானே! மாரியம்மன் கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். மரத்தடியில் படுத்திருந்த நாயைக் கொஞ்சினார். நோட்டை வாங்கியவள் நாளைக்கு முழிக்கப்போகும் முழியை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை, என்ன செய்ய?

மத்தியானம் மடியில் முடிச்சோடு வீட்டுப்படி ஏறினார். வாசலிலேயே செல்லம்மா நின்றாள், தீபாவளி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

"வந்துட்டீங்களா! கண்ண மூடுங்க."

"நீ மொதல்ல மூடுடி! நான் என்னா கொண்டாந்திருக்கேன் பாரு!"

"ஊகும். நாந்தான் மொதல்ல!"

சரி, குழந்தையாட்டம் கேட்கிறாளே என்று கண்ணை மூடிக்கொண்டார். கட்டிலுக்கடியிலிருந்து ஏதோ தரையில் உரசிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது.

"இப்பத் தெறங்க!"

திறந்தார். எதிரே அவருடைய பெட்டி. உள்ளே கட்டுக் கட்டாக வாழைமரம்.

"நீங்கதானே கப்பல் ஓடப் போவுதுன்னீங்க? டிக்கெட்டுக்கு ஆவட்டும்னு என் நகையெல்லாம் வித்துட்டேங்க!"