இளங்கொடி

ஆஸ்பத்திரிக் கழிவு போடும் மஞ்சள் பையின் வாய் திறந்திருந்தது. ஆயா நஞ்சுக்கொடி கிடந்த தட்டைச் சாய்க்கப் போனாள்.

"அதைப் போடாதீங்க."

கத்தவில்லை. இப்போதுதான் பெற்றெடுத்தவளிடம் கத்துவதற்கு மூச்சு ஏது? ஆனாலும் ஆயாவின் கை நின்றது.

குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. உயிரோடிருக்கிறது.

கதவுக்கு வெளியே மாமியாரின் குரல். உள்ளே கேட்கட்டும் என்றுதான் பேசினார்.

"வயித்துக்குள்ள வச்சே புள்ளைய பட்டினி போட்டிருக்கா."

ஸ்கேனில் வளர்ச்சி பத்தவில்லை என்று சொன்ன நாளிலிருந்து இதே பேச்சு. நீ சாப்பிட்டாயா என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

"இளங்கொடிய நான் பாக்கணும்."

"அதுல பாக்க என்னம்மா இருக்கு?" என்றார் டாக்டர், கையுறையைக் கழற்றியபடி. "பேசாம படு."

அவள் படுக்கவில்லை. முழங்கையை ஊன்றி எழுந்தாள். தையல் போட்ட இடம் சுரீரென்றது.

"எங்க வீட்டுல மாடு கன்னு போட்டா, இளங்கொடிய வைக்கோல்ல சுத்தி ஆலமரத்துல கட்டுவோம். நாய் வாய் வைக்க விடமாட்டோம்."

கொஞ்சம் மூச்சு வாங்கினாள்.

"நான் மாட்டை விடக் கேவலமா டாக்டர்?"

டாக்டர் அவளையே பார்த்தார். பிறகு வேறு கையுறை மாட்டிக்கொண்டார். தட்டை வாங்கி, கட்டில் ஓரத்தில் விளக்கு படும்படி வைத்தார்.

ஒரு பக்கம் ஈரல் நிறம். மறுபக்கம் வெளுத்து இறுகியிருந்தது.

"இந்தப் பாதிக்கு ரத்தம் போகல. எப்பவோ செத்துப்போச்சு."

டாக்டரின் விரல் சிவந்த பக்கத்துக்கு நகர்ந்தது.

"மூச்சு, சாப்பாடு, கழிவு எல்லாம் இந்தப் பாதிதான் பாத்துக்கிட்டிருக்கு. உன் புள்ளையோட இதயம், மூளை எல்லாம் இதை நம்பித்தான் வளந்திருக்கு. இவ்வளவு நாள் எப்படித் தாங்குச்சுன்னு எனக்கே தெரியல."

அவளுக்குத் தெரியும்.

அழுகை வந்தது. துக்கத்தில் அல்ல, ஆத்திரத்தில். பாதி செத்த பிறகும் ஒரு வேளைகூட அது பிள்ளையைப் பட்டினி போடவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க அத்தைய உள்ள கூப்பிடுங்க."

மாமியார் வந்தார். தட்டைக் கண்டதும் முந்தானையால் மூக்கைப் பொத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இங்க பாருங்க அத்தை."

அவள் தட்டின் விளிம்பைப் பிடித்திருந்தாள். எவ்வளவு நேரமானாலும் விடுவதாக இல்லை.

முந்தானை மெல்லக் கீழே இறங்கியது.

ஆயா யாரையும் கேட்கவில்லை. மஞ்சள் பையைக் காலியாகவே சுருட்டிக்கொண்டு வெளியே போனாள்.