துண்டுக்கு அடியில் ஒரு விலை

"இன்னிக்காவது அந்த டேப் ரிக்கார்டர வித்துத் தொலைங்க வேலப்பன். ஆறு வாரமா எனக்கே பேஜாரா கீது," என்றாள் ஃப்ளோரன்ஸ்.

ராயபுரம் மார்க்கெட் பின்தெருவில் மூன்று கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்துகிறவள் அவள். கணவன் இறந்து எட்டு வருடம் ஆகிறது. வீடுகளுக்கு இன்டர்நெட் வந்து சேராத காலம் என்பதால் கடை ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

வேலப்பனுக்குக் காசிமேட்டில் மீன் ஏலம் கூறுகிற வேலை. ஊரே கத்துகிற அந்த இடத்தில் அவன் குரல் மட்டும் தனியாகக் கேட்கும். இந்தக் கடை வாசலைத் தாண்டினால் அதே குரல் கம்மிப்போகும். மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது வயது நாற்பத்தைந்து. இனிமேல் என்ன என்று இருந்தவன், ஒருநாள் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்து ஃப்ளோரன்ஸைப் பார்த்தான். அதோடு சரி, மனசு அங்கேயே தங்கிவிட்டது.

ஆனால் எத்தனை ஜெராக்ஸ்தான் எடுப்பது? பழைய சாமானைக் கம்ப்யூட்டரிலேயே ஏலம் விடலாம் என்று அவள் பேச்சுவாக்கில் சொன்னதுதான் தாமதம், மறுநாளே பரணில் கிடந்த டேப் ரிக்கார்டரோடு வந்துவிட்டான். அது பாடாது. பாட்டுப் போடுகிற பட்டனும் இல்லை.

"இவ்ளோ வந்தாதான் குடுப்பேன்னு நீங்க ஒரு விலை வைக்கலாம். கேக்கறவங்களுக்கு அது தெரியாது. அந்த விலைய எட்டற வரைக்கும் இங்க சிவப்பா ஒரு வரி இருக்கும், எட்டிட்டா பச்சையாயிடும்," என்று அவள் முதல் சனிக்கிழமையே விளக்கினாள்.

வேலப்பனுக்கு அது புரிய அரை நிமிஷம்கூட ஆகவில்லை. படகுக்காரர் துண்டுக்கு அடியில் அவன் விரலைப் பிடித்துச் சொல்வதும் இதே விலைதான். அதற்குக் கீழே கேட்டால் கூடை நகராது. மூன்றாவது ஆளுக்கு அது தெரிந்துவிட்டால், அதற்கு மேல் எந்த வியாபாரியும் ஒரு ரூபாய் ஏற மாட்டான்.

"அந்த நம்பர மட்டும் நானே தட்டறேன் மேடம். நீங்க அப்டிக்கா திரும்பிக்கோங்க. தொழில் தர்மம்."

அவள் சிரித்துக்கொண்டே வாசல் பக்கம் திரும்பினாள். அவன் தோள் துண்டை எடுத்துக் கீபோர்டு மேல் விரித்தான். ஓரத்தைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்து, ஒவ்வொரு நம்பராகத் தட்டினான். இரண்டாயிரம். பாடாத டேப் ரிக்கார்டருக்கு எந்தப் பைத்தியக்காரன் இரண்டாயிரம் கொடுப்பான்? விற்காது. விற்காவிட்டால் அடுத்த சனிக்கிழமையும் வரலாம். அவன் கணக்கு அவ்வளவுதான். தட்டி முடித்துத் துண்டை உதறித் தோளில் போட்டதும், அவள் வந்து கடைசிப் பட்டனை அமுக்கினாள்.

ஆனால் வந்தான் ஒரு பைத்தியக்காரன். ஆயிரத்துத் தொள்ளாயிரம் வரைக்கும் கேட்டான். வேலப்பன் அடுத்த வாரம் மூவாயிரம் ஆக்கினான். அந்த ஆள் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்தில் வந்து நின்றான். இப்படியே வாராவாரம் ஏற்றி, போன சனிக்கிழமை ஐயாயிரம் என்று தட்டிவிட்டுப் போயும் வாரமெல்லாம் தூக்கம் இல்லை.

"இப்ப எவ்ளோல நிக்கிறான் மேடம்?"

"நாலாயிரத்து தொள்ளாயிரம். முடிய இன்னும் நாலு நிமிஷம் கீது."

அவன் குனிந்து திரையைப் பார்த்தான். "எப்பவும் நூறு ரூபா கம்மி. என் வெரல புட்ச்சிப் பாத்தவன் மாதிரியே கேக்கறான். இருவது வருசமா ஏலம் வுடறேன், இப்டி ஒருத்தன பாத்ததில்ல."

"வித்தா நல்லதுதானே? இன்னாத்துக்கு மூஞ்சி இப்டி போவுது?"

"அது... ரொம்ப நாளா வூட்ல கீற பொருளாச்சே."

"கழுவுற மீன்ல நழுவுற மீன் நீங்க," என்றபடி எழுந்தாள். "பாத்துகினு இருங்க. எனக்குக் கல்லாவாண்ட கொஞ்சம் வேல கீது."

அவள் தன் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். மனசில் இருப்பதை இப்போதே சொல்லிவிடலாமா என்று நினைத்தான். எழப்போனவன் திரும்ப உட்கார்ந்தான். இது விற்றுப்போனால் அடுத்த சனிக்கிழமை என்ன சொல்லிக்கொண்டு வருவது? வீட்டில் வேறு ஓட்டைச் சாமான்கூட இல்லை.

புது விலையைக் காட்டும் என்று அவள் சொல்லிக்கொடுத்திருந்த பட்டனை ஒருமுறை தட்டினான். சிவப்பு வரி பச்சையாகிவிட்டது. ஐயாயிரம். கொஞ்ச நேரத்தில் ஏலமும் முடிந்தது.

"போச்சு மேடம்," என்றான். "வித்துப்போச்சு."

"சந்தோஷம். வாங்கினவங்க அட்ரஸ படிக்கிறேன், எழுதிக்கோங்க," என்று கல்லாவிலிருந்தே சொன்னாள். "ஃப்ளோரன்ஸ், பிரவுசிங் சென்டர், மார்க்கெட் பின்தெரு, ராயபுரம்."

எழுதிக்கொண்டே வந்தவன் பாதியில் பேனாவை நிறுத்தினான். "நீங்களா? அந்த விலை எனக்கு மட்டும்தானே தெரியும்."

அவள் எழுந்து வந்து, அவன் தோளிலிருந்த துண்டை எடுத்து மானிட்டர் மேல் போட்டு மூடினாள்.

"ஆறு வாரமா கீபோர்டத்தானே மூடினீங்க, நான் பட்டன அமுக்க வர்றப்பல்லாம் நம்பரு இந்த ஸ்க்ரீன்ல பெருசா நின்னுகினு இருந்துச்சு. வித்துட்டா அப்பறம் வர மாட்டீங்களேன்னுதான் நூறு ரூபா கம்மியாவே கேட்டுகினு இருந்தேன். நீங்க வாயத் தொறக்கற மாதிரி தெரில, அதான் இன்னிக்கு முழு விலைக்கு நானே எடுத்துக்கினேன்."