ஏழு குச்சிகள்

"இழுத்துப் பார்க்கலையே நீங்க?" என்றாள் அவள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே.

"இல்லம்மா. அது பக்கத்துல நின்னு மூச்சுகூட பலமா விடல" என்றார் அவள் கணவர்.

வேலை முடிந்து நேராக இங்கே வந்திருந்தார். லிஃப்ட் மெக்கானிக். பதினோரு மாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டு லிஃப்டுகளும் அவர் பொறுப்பு. ஊரையே ஏற்றி இறக்குகிற மனிதர், லிஃப்ட் மக்கர் செய்தால் பதினோரு மாடியையும் நடந்தே ஏற வேண்டும். இன்று இரண்டுமே மக்கர். சட்டையெல்லாம் கிரீஸ், கண்ணெல்லாம் தூக்கம்.

"சரி, கிளம்புங்க. சாயங்காலத் தண்ணி தெளிக்கணும்."

"இப்பத்தானே வந்தேன்! வெளியில பெஞ்சு காலியா இருக்கு. இங்கேயே கிடக்கறேனே. உனக்கு ஏதாவது ஒண்ணுன்னா..."

"எனக்கு நர்ஸ் இருக்காங்க. அதுக்கு யாரு இருக்கா? சாயங்காலம் ஒரு தடவை, விடிகாலைல ஒரு தடவை. நான் என்ன மலையைப் புரட்டவா சொன்னேன்?"

அவர் சொன்னபடி எழுந்து கிளம்பினார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் கற்றுக்கொண்ட வித்தை அது ஒன்றுதான்.

'அது' என்றால் ஏழு குச்சிகள். அவளுக்கு போன்சாய் பைத்தியம், பெரிய மரத்தைத் தொட்டிக்குள் குட்டியாக வளர்க்கிற பைத்தியம். ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு, வலியோடு பால்கனியில் உட்கார்ந்து, இலையே இல்லாத முற்றிய குச்சிகள் ஏழை ஒன்றாகச் சேர்த்து, டேப்பால் இறுக்கிக் கட்டி, மணல் தொட்டியில் நட்டாள். வேர் பிடித்துப் பருக்கப் பருக்க ஏழும் ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே அடிமரமாகிவிடுமாம். நாலைந்து வருஷத்திலேயே ஐம்பது வருஷத்து மரம் மாதிரி நிற்குமாம். வேர் பிடிக்கிற வரை இழுத்துப் பார்க்கவே கூடாதாம். மற்ற தொட்டிகளை எல்லாம் கீழ் வீட்டு அம்மாவிடம் ஒப்படைத்தவள், இதை மட்டும் இவர் தலையில் கட்டினாள்.

"இது துளிர்க்கறதுக்குள்ள நான் வீட்டுக்கு வந்துடுவேன்" என்று வேறு சொல்லிவிட்டாள். அந்தப் பேச்சுதான் அவரைப் பிடித்து ஆட்டியது; குச்சிகளின் உயிரோடு அவள் உயிரையும் அவர் மனசு முடிச்சுப் போட்டுவிட்டது.

பத்து நாள் என்றார்கள் டாக்டர்கள். தையல் பிரிந்து, சீழ் வைத்து, காய்ச்சல் வந்து, ஐந்து வாரம் ஓடிவிட்டது. குச்சிகள் குச்சிகளாகவே நின்றன. அவளும் நாளுக்கு நாள் அந்தக் குச்சிகளைப் போலவே ஆகிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அவருக்குப் பொறுக்கவில்லை. குச்சிக் கட்டைப் பிடித்து லேசாக, மிக லேசாக இழுத்தார். ஏழும் கையோடு வந்துவிட்டன. அடியில் பேருக்குக்கூட ஒரு வேர் இல்லை. மறுநாள் அவளுக்குக் காய்ச்சல் நூற்று மூன்று.

குச்சிகளைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு செடி விற்கிற நர்சரிக்கு ஓடினார். நர்சரிக்காரர் நகத்தால் பட்டையைச் சுரண்டினார்.

"உள்ள பச்சையா இருந்தா உயிர் இருக்குன்னு அர்த்தம். இது சுத்தமா காஞ்சு போச்சு, அண்ணே."

"போன வாரம் ஒரு வேளை தெளிக்க மறந்துட்டேன். அதனாலதான்..."

"ஒரு வேளைக்கெல்லாம் இப்படி ஆகாது."

அது எங்கே அவர் காதில் ஏறியது? "இதே ஜாதியில வேர் பிடிச்சது ஏழு கொடுங்க. என் சம்சாரத்துக்குத் தெரிஞ்சா மனசு விட்டுடுவா."

"நாலுதான் இருக்கு."

மீதி மூன்றுக்காக ஊரின் மறுகோடி வரை பஸ் மாறி மாறிப் போய், இன்னும் இரண்டு நர்சரிகள் ஏறி இறங்கினார். அதே தொட்டி, அதே மணல், அதே டேப். மோட்டாருக்கு ஒயர் சுற்றிப் பழகிய விரல்கள், டேப்பையும் பிசகாமல் சுற்றின. அதன் பிறகு வீட்டில் படுத்தாலும் தூக்கம் வரவில்லை. நாலு தடவை எழுந்து போய்த் தொட்டியைப் பார்த்தார். காலையில் லிஃப்ட் மோட்டார் அறையில் நின்றபடியே கண் அசந்துவிட்டார். வாட்ச்மேன் வந்து உலுக்கினார்.

அவளிடம் அவர் பொய்யே சொன்னதில்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் இந்தப் பொய் அவருக்குப் பயமாக இருந்தது.

புதுக் குச்சிகளை நட்ட பத்தாம் நாள் ஒன்றில் அரிசி அளவுக்குத் துளிர். அவள் காய்ச்சலும் அன்றோடு இறங்கியிருந்தது. செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, கிரீஸ் கையைக்கூடக் கழுவாமல் ஓடினார்.

"பாரு, துளிர் விட்டிருக்கு!"

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தையும், குழிவிழுந்த கண்களையும் பார்த்தாள்.

கண்டுபிடித்துவிட்டாளோ?

"நான் நட்ட குச்சிதானா இது?"

"பின்னே வேற யாரு நட்டது? அதேதான். நீ சொன்ன மாதிரி ரெண்டு வேளையும் தெளிச்சேன்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். தையலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"அதெல்லாம் போன வருஷமே காஞ்சு போன குச்சிங்க. இந்த பெஞ்சுல கிடந்து உடம்பைக் கெடுத்துக்காம, தினமும் வீட்டுக்குப் போய் நீங்க நிம்மதியா தூங்கணுமேன்னுதான் அதை நட்டு வெச்சேன்!"