மேசையில் உருண்ட தோட்டா

குறி தவறுவது தோட்டாவால் அல்ல, சுடுபவர்களின் கை நடுங்குவதால்தான் என்று காட்ட, துப்பாக்கி சுடும் கிளப்புக்குத் தோட்டா செய்து தரும் அருளப்பன் கைத்துப்பாக்கியை அசையாமல் பிடிக்கும் வைஸ் என்ற இரும்புப் பிடியில் இறுக்கிச் சுட்டுப் பார்த்தார். பத்துக் குண்டுகளும் இலக்குத் தாள் முழுக்கச் சிதறின. அப்படியானால் குறை அவர் வேலையில்தான்.

ஆனால் அதே பெட்டித் தோட்டாக்களால் கிளப்பில் பயிலும் நஸீமா சுட்ட பத்து ஓட்டைகளும் ஓர் எலுமிச்சம்பழ அளவுக்குள் அடங்கியிருந்தன. அவளருகே போய் நின்றார். சுடுமுன் ஒவ்வொரு தோட்டாவையும் அவள் கண்ணாடி மேசையில் மெல்ல உருட்டினாள். அதை ஏதோ வேண்டுதல் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தார். ஒன்றின் முனை ஆடியது. ஒதுக்கி வைத்தாள்.

"மூக்கு கோணலா உக்காந்திருக்குண்ணே."

"முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?"

"உங்க கண்ணுக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன்."

அருளப்பன் இன்னொன்றை எடுத்து உருட்டினார். குனிந்து பார்த்தார். அவர் கண்ணுக்கு அது ஆடவே இல்லை. நஸீமா அதையும் எடுத்து ஒதுக்கி வைத்தாள்.